மொட்டைக்குக் காரணம் கேட்காத ஊர்

ஆஸ்பத்திரி கவுண்டரில் புதிதாக உட்காரப்போகிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று நர்ஸம்மா கேட்டபோது எனக்கு வியர்த்துவிட்டது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆஸ்பத்திரியில் இருந்த வருஷங்களில் டோக்கன் நம்பரைத் தவிர வேறொன்றும் எழுதியதில்லை. அதைவிடப் பெரிய கவலை இன்னொன்று. நோயாளியைப் பற்றி வெளியே சொல்லாதே என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் பாடம். அதை எழுத வேண்டுமென்றால் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இது என்ன வம்பு என்று பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கடைசியில் அந்த நோயாளி அம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, எழுதுங்கள் என்றார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதை வர வேண்டிய இடத்தில் சொல்கிறேன். அவர் பெயரை வசந்தா என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அவர் பெயர் இல்லை. அவர் ஊரைப் பொதட்டூர்பேட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற ஊர் எங்கள் பக்கத்தில் வேறும் உண்டு.

உங்களுக்கு இப்போது வகுப்பெல்லாம் எடுக்கிறார்கள். அந்தரங்கம் நோயாளியின் உரிமை, சட்டமே இருக்கிறது என்று சொல்லித் தருகிறார்கள். நல்ல விஷயம், கவனமாகக் கேளுங்கள். ஆனால் சட்டம் உங்களிடம் கேள்வி கேட்கப்போவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெரியம்மா கேட்பார். கேட்கும்போது கையில் ஒரு முழம் பூ இருக்கும், உங்களுக்குக் கொடுக்க. அங்கேதான் கஷ்டம்.

என் வீட்டுக்காரர் பைக் மெக்கானிக், ரோட்டோரத்தில் ஒரு கூரைக் கடை. கையில் அடிபட்டு அவர் வேலைக்குப் போக முடியாமல் போனபோதுதான் நான் அந்த ஆஸ்பத்திரி கவுண்டருக்கு வந்தேன். முருகன் மலைக்குப் போகிற ரோட்டில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி. வருகிறவர்கள் என்னைப் பாயம்மா என்று கூப்பிடுவார்கள். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த நர்ஸ் என்னைவிட வயதில் நன்றாகவே சின்னவர், ஆந்திரா பக்கத்துப் பெண். அப்பாவை நைனா என்பார், என்னை அக்கா என்பார். திட்டும்போதும் அக்காதான்.

நான் சேர்ந்த புதிதில் பக்கத்துத் தெரு மனிதர் ஒருவர் காய்ச்சலோடு வந்து போனார். அவர் போனதும் பெஞ்சில் இருந்த ஒருவர், 'அவருக்கு என்னம்மா?' என்று கேட்டார். கேட்டவர் முகத்தில் நிஜமாகவே கவலை. கவலைப்படுகிறவரைப் பார்த்தால் எனக்குத் தாங்காது, நானே அந்த ஜாதிதானே. பாதி வழியில் ஷேர் ஆட்டோவை நிறுத்தி, டோக்கன் பெட்டியைப் பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வந்தவள் நான். அதனால், 'ஒண்ணுமில்லைங்க, சும்மா சளிதான்' என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"இன்னிக்கு சளின்னு சொல்லிட்டே அக்கா. நாளைக்கு சளி இல்லாத ஒருத்தங்க வருவாங்க. அவங்களப் பத்தி கேட்டா இன்னா சொல்லுவே?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அப்ப அந்த ஒண்ணும் சொல்லாததே எல்லாத்தையும் சொல்லிடுமே."

யோசித்துப் பாருங்கள். சளிக்காரரைப் பற்றிக் கேட்டால் சளி என்கிறேன், கால் வலிக்காரரைப் பற்றிக் கேட்டால் கால் வலி என்கிறேன். ஒருத்தரைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டால், ஊருக்குப் புரியாதா? அதனால் சின்ன நோயையும் சொல்லக் கூடாது. சின்னதைச் சொல்லாமல் இருந்தால்தான் பெரியது ஒளிந்துகொள்ள இடம் இருக்கும். அன்றைக்கு நர்ஸ் எனக்கு ஒரு பதில் கொடுத்தார். யார் யாரைப் பற்றிக் கேட்டாலும் அதுதான்: டாக்டரைப் பாக்க வந்தாங்க.

இதற்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. எதிர்த்த டீக்கடைக்காரர், பாய் கடைக்குத்தான் ஷட்டர் இல்லை, பாயம்மா வாய்க்குப் போட்டுவிட்டார்கள் என்பார். என் வீட்டுக்காரரே அதற்குச் சிரிப்பார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நர்ஸ் சொன்ன இன்னொன்று. பஸ் ஸ்டாண்டிலோ மார்க்கெட்டிலோ நோயாளியைப் பார்த்தால் நாம் முதலில் சிரிக்கக் கூடாது. கூட இருப்பவர், 'யார் அது, உனக்கு எப்படிப் பழக்கம்?' என்று கேட்டால் பாவம் அவர் என்ன சொல்வார்? அவர் கூப்பிட்டால் திரும்பலாம். இல்லையென்றால் வெண்டைக்காயைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். கர்வம் பிடித்தவள் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு ஊரில் இருந்தது. அது இதனால்தான்.

இனி வசந்தாம்மா.

செவ்வாய்க்கிழமை தோறும் சென்னையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வருவார். அவர் புற்றுநோய்க்குப் பார்ப்பவர் என்று ஊருக்கே தெரியும். ஆக, செவ்வாய்க்கிழமை எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தாலே அது ஒரு சேதி. இந்த நினைப்பில் எனக்குத் தூக்கம் போயிற்று. வந்து உட்காருகிறவர் முகத்தை எல்லோரும் பார்க்கிறார்களே என்று இருக்கும். கடைசியில் நர்ஸிடம் சொல்லி, பிரஷர், சுகர் பார்க்க வருகிறவர்களையும் செவ்வாய்க்கிழமையே வரச் சொன்னோம். பெஞ்சு கலந்துபோயிற்று. செவ்வாய்க்கிழமை முருகனுக்கும் விசேஷம். மலைக்கு வந்தேன், அப்படியே பிரஷர் பார்த்துக்கொண்டு போகிறேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பயந்த மனசால் சில நேரம் இப்படி உபயோகமும் உண்டு.

வசந்தாம்மாவுக்கு மார்பில் கட்டி. மருந்து ஏற்றுவது சென்னையில். நடுவில் ரத்தம் எடுப்பது, காய்ச்சல் வந்தால் பார்ப்பது எல்லாம் எங்களிடம். வீட்டில் தறி, புருஷன், ஒரே மகள். அந்த மகளுக்கு மணவூர் பக்கத்தில் ஓர் இடம் பேசி வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தார்கள். பையன் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவன், நல்ல குடும்பம். அதன் பிறகுதான் கட்டி தெரிந்தது.

"அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கும் வரும்னு சொல்லுவாங்க பாயம்மா. நான் சொல்லாம போயிட மாட்டேன். சொல்லத்தான் போறேன். ஆனா என் வாயால நான் சொல்லணும். ஊர் வாயால அவங்க கேக்கக் கூடாது." என்னிடம் அவர் கேட்டது அவ்வளவுதான்.

முடி கொட்டிவிடும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு கவுண்டர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நீளமான பின்னல், அதை முன்னால் எடுத்துப் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை. பிறகு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்.

"அது புடுங்கிக்கறதுக்கு முன்னாடி நானே குடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

அப்படியே புருஷனைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய், முடி காணிக்கை கொடுத்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு இறங்கி வந்தார். தெருவில் ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை. எந்த ஊரிலாவது ஒரு பெண் மொட்டைத் தலையோடு நடந்தால் பார்க்காமல் இருப்பார்களா? எங்கள் ஊரில் கைக்குழந்தையிலிருந்து கிழவி வரை மொட்டையோடு டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். யாராவது கேட்டால், மகளுக்கு நல்ல இடம் அமைந்ததற்கு வேண்டுதல் என்றார். அதுவும் பொய்யில்லை.

மொட்டையில் அவர் அழகாக இருந்தார். இதை எழுத வேண்டும் என்பதுதான் அவர் போட்ட நிபந்தனை. நிபந்தனை போடாவிட்டாலும் எழுதியிருப்பேன். தலையின் வடிவம் அப்படி, காதில் தோடு மின்னியது.

ஆனால் எனக்குக் கவலை விடவில்லை. வேண்டுதல் மொட்டையில் முடி வளர்ந்துவிடும். மருந்து ஏற்றுகிற வரைக்கும் இது வளராதே. மாசங்கள் போயின. புருவமும் போயிற்று. அவர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்.

ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாத நேரம், ஒரு அம்மா கவுண்டருக்கு வந்தார். மலைக்கு வந்துவிட்டு இறங்குகிற வழி, நெற்றியில் விபூதி, கையில் பிரசாதம். எனக்கு ஒரு பங்கு எடுத்து வைத்தார். அவரை எனக்கு முன்பே தெரியும். மணவூர்க்காரர்கள் என்று வசந்தாம்மா சொன்ன அதே வீட்டு அம்மா, மாப்பிள்ளையின் தாயார் என்பது அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

சம்பந்தியைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தார். ரொம்ப நல்ல மாதிரி, உழைக்கிறவர்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு எல்லாம் தெரியும் பாயம்மா. அவங்களே சொல்லிட்டாங்க. இப்ப கொஞ்சம் பரவால்லியான்னு கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

பிள்ளைகளே, இந்த இடத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்தான் தெரியாதவர். தெரிந்தவர் கவுண்டருக்கு வர மாட்டார், நேராக வீட்டுக்குப் போவார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், 'ஆங்' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நம்ம பக்கத்து ஆளுக்கு ஆங் என்பது பதில் இல்லை, மூச்சு. எதிராளி பேசுகிறார் என்றாலே நடுநடுவே போட்டுக்கொண்டிருப்போம். அந்த ஒரு ஆங் வெளியே வந்திருந்தால் ஒரு பெண்ணின் கல்யாணம் என் கவுண்டரில் முடிவாகியிருக்கும். இருமல் மாதிரி அதை விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரே, தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க என்றார்.

குடித்துவிட்டு, இங்கே வருகிறவர்கள் எல்லோரும் டாக்டரைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றேன். வருகிறாரா இல்லையா, அதையாவது சொல்லுங்கள் என்றார். யார் வந்தார், யார் வரவில்லை என்று நாங்கள் சொல்வதில்லை என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். பெண் எடுக்கப்போகிற வீடு, எங்களுக்குக் கேட்க உரிமை இல்லையா என்றார். கேட்க வேண்டியவரிடம் கேட்க உரிமை உண்டு, என்னிடம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை என்று சொல்ல நினைத்தேன். கிளம்ப எழுந்தவரிடம் கடைசியாக என்னால் சொல்ல முடிந்தது இதுதான்:

"நீங்க வந்து கேட்டதையும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேங்க."

அவர் நின்றார். திரும்பவும் உட்கார்ந்தார்.

"அப்ப என்னைப் பத்தி யாராச்சும் வந்து கேட்டா?"

"இதேதாங்க."

"யாராச்சும் கேட்டாங்களா?"

"அதையும் சொல்ல மாட்டேங்க."

அந்த அம்மா என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். முன்பே தெரியும் என்று சொன்னேனே, அவரும் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தவர்தான். எதற்காக என்று உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.

அவர் போன பிறகுதான் எனக்கு நிஜமான பயம் பிடித்தது. யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த யாருக்கும் என்பதில் வசந்தாம்மாவும் சேர்த்திதானே? சம்பந்தி மோப்பம் பிடித்துவிட்டார் என்று அவருக்கு எச்சரிக்கை செய்யாவிட்டால் அது துரோகம் இல்லையா? செய்தால் இந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு? நர்ஸிடம் போய், ஒருத்தர் வந்தார், இன்னொருத்தரைப் பற்றிக் கேட்டார், அந்த இன்னொருத்தரிடம் இதைச் சொல்லலாமா என்று மென்று விழுங்கினேன்.

"பேர் சொல்லாமலே கேக்கறியே அக்கா, பாதி பதில் அதிலயே கீது" என்றார் நர்ஸ். பிறகு யோசித்துச் சொன்னார்: "நீ சொல்லாதே. ஆனா அவங்களா எதுனா பேச வந்தா, வேலை கீதுன்னு எழுந்து போயிடாதே. உக்காந்து கேளு."

செவ்வாய்க்கிழமை வசந்தாம்மா வந்தார். ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டே என் பக்கத்து நாற்காலிக்கு வந்தார். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல் இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

"புருவத்தப் பென்சில்ல வரைஞ்சிகினு இருக்கேன் பாயம்மா. சம்பந்தியம்மா பாக்கற பார்வையே மாறிடுச்சு. சொல்லிடலாம்னு பாத்தா வூட்ல எங்க சொல்றது? தறி ஓடினா கத்தித்தான் பேசணும். தறி நின்னா இன்னா ஆச்சுன்னு தெருவே எட்டிப் பாக்கும்."

தறிக்காரர் வீட்டுக் கஷ்டம் அது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்கள் ரகசியத்தையும் உரக்கத்தான் சொல்லியாக வேண்டும். கோயிலுக்குக் கூப்பிட்டால் கூட்டம், போனில் சொல்கிற சேதியும் இல்லை.

சொல்லுங்கள் என்றும் நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது என் கணக்கு இல்லை. ஊசி போடுகிற ரூம் மத்தியானத்தில் காலியாகத்தான் இருக்கும், கதவை நன்றாகச் சாத்தலாம் என்று மட்டும் சொன்னேன். நர்ஸும் சரி என்றார்.

இரண்டு நாள் கழித்து வசந்தாம்மா சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைக் கவுண்டரில் பார்த்ததும் அந்த அம்மாவின் கால் வாசலிலேயே நின்றுவிட்டது. நான் அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, "வாங்கம்மா, டாக்டரைப் பாக்கவா?" என்றேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

இருவரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். பெஞ்சில் கட்டுப் போட வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் ஒரு பழைய டேபிள் ஃபேன் உண்டு, போட்டால் மாவு மில் மாதிரி சத்தம் போடும். அதைக் கொண்டுபோய் அந்தக் கதவுக்கு முன்னால் வைத்துப் போட்டுவிட்டேன். காற்று எங்கேயோ அடித்தது. ஒரு பெரியவர், எனக்குக் குளிருதும்மா என்றார். பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா என்றேன். உள்ளே என்ன நடக்கிறதோ. சம்பந்தியம்மா கோபமாக எழுந்து வருவாரா, வெற்றிலை பாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரா, எல்லாம் என்னால்தானா, ரூமைக் காட்டியிருக்கக் கூடாதோ. ஃபேனுக்கு முன்னால் நின்றுகொண்டு தெரிந்த துவாவெல்லாம் ஓதினேன்.

கதவு திறந்தது. வசந்தாம்மா தலையில் முந்தானை இல்லை. அவர் சென்னைக்கும் இங்கேயுமாகத் தூக்கிக்கொண்டு அலைந்த துணிப்பை சம்பந்தியம்மா தோளில் இருந்தது. இருவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை, டோக்கனை அடுக்கினேன். சம்பந்தியம்மா கவுண்டருக்கு வந்தார்.

"செவ்வாக்கெழம டோக்கன் எத்தினி மணிக்குக் குடுப்பீங்க? கூட ஒருத்தர் வர்லாமா?"

"வர்லாங்க" என்றேன்.

உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. நீங்களும் கேட்காதீர்கள். நல்லது நடந்தது என்று நமக்குத் தெரிந்தால் போதும், எப்படி நடந்தது என்று தெரிய வேண்டியதில்லை. அவர்கள் போனதும் குளிருகிற பெரியவர், அந்த ரெண்டு பேரும் எதுக்கும்மா வந்தாங்க என்றார். டாக்டரைப் பாக்க வந்தாங்க என்று சொல்லிவிட்டு ஃபேனை அணைத்தேன்.

கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது. வேண்டாம் என்றுதான் நினைத்தேன். என்னைப் பார்த்து யாராவது ஆஸ்பத்திரி பாயம்மா என்று அடையாளம் கண்டுவிட்டால்? என் வீட்டுக்காரர்தான், கூப்பிட்டவர்களுக்கு அந்த யோசனை இருக்காதா என்று சொல்லி அனுப்பிவைத்தார். மண்டபத்தில் வசந்தாம்மா நின்றுகொண்டிருந்தார். குட்டையாகச் சுருள் முடி வந்திருந்தது. அதில் பூ நிற்க மாட்டேன் என்று நழுவிக்கொண்டே இருந்தது, அவர் குத்திக்கொண்டே இருந்தார். நான் முதலில் சிரிக்கவில்லை. அவர் தூரத்திலிருந்தே கையை உயர்த்தி, "பாயம்மா" என்று கூப்பிட்டார். அப்புறம்தான் சிரித்தேன்.

பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் மாப்பிள்ளை வீட்டு வழியில் ஒரு பாட்டி. என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரும்மா? பொண்ணு வூட்டுக்கு எப்படிப் பழக்கம்?"

கவுண்டரில் கேட்கிற எல்லாக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. இந்தக் கேள்விக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் பழக்கம் என்றால் எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். மண்டபம் பூராவும் காது. டாக்டரைப் பார்க்க வந்தார்கள் என்று பழக்கத்தில் சொல்லிவிடுவேனோ என்று வாயில் அப்பளத்தை வைத்து அடைத்துக்கொண்டேன். பாட்டி விடுவதாக இல்லை, கையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பாயச வாளியோடு பின்னால் வந்துகொண்டிருந்த சம்பந்தியம்மா குனிந்தார்.

"பொண்ணு வூட்டுக்கு இல்ல பெரீம்மா. எனக்கு வேண்டியவங்க. மலைக்குப் போறப்ப பழக்கம்."

சொல்லிவிட்டு என் இலையில் ஒரு கரண்டிக்கு மேலேயே பாயசத்தை ஊற்றினார். பாட்டி அடுத்ததைக் கேட்பதற்குள் அவர் இலையிலும் ஊற்றிவிட்டு அடுத்தவருக்கு நகர்ந்தார்.